மேற்குச் சுவரில் ஒரு பின்வாசல்

கேள்வி: பொங்கலூர் பக்கம் தோட்டத்துக்குள் இருக்கிறது எங்கள் வீடு. 1958-ல் என் வீட்டுக்காரரின் அப்பாரு கட்டியது. ஒன்றரைக் கல் சுவர், சுண்ணாம்புக் காரை, மேலே சீமை ஓடு. சமையல்கட்டிலிருந்து நேராக வெளியே போக வழியில்லை. மாடு கட்டுகிற கட்டுத்தாரைக்குப் போவதென்றால் ஆசாரம் என்கிற கூடத்தைத் தாண்டி, முன்வாசல் இறங்கி, வீட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். போன ஐப்பசி மழையில் அத்தை அந்தச் சந்தில் வழுக்கி விழுந்துவிட்டார். இப்போது தடி ஊன்றி நடக்கிறார். ஆனாலும் விடியக்காலையில் கட்டுத்தாரையை எட்டிப் பார்க்காமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது. சமையல்கட்டின் மேற்குச் சுவரில், வடக்கு மூலையிலிருந்து ஒரு அடி தள்ளி, மூன்றரை அடிக்குக் கதவு வைக்கலாம் என்கிறார் மேஸ்திரி. "ஓட்டு வீடுதானுங்க, மேல என்ன பாரம் இருக்குது? ரெண்டு நாள்ல ஒடச்சு நெலவ நிறுத்திப் போடலாமுங்க" என்கிறார். மனையடி பார்த்தவரும் அந்த மூலையைத்தான் சொன்னார். அதே சுவரில் மூலையிலிருந்து இரண்டரை அடியில் ஒரு உத்திரம் உட்கார்ந்திருக்கிறது. ஆறடி தள்ளி மூன்றடி அகலத்தில் ஒரு ஜன்னல். அதன் மேல்மட்டம் தரையிலிருந்து 6 அடி 9 அங்குலம். ஜன்னலின் மேல்மூலையில் மயிரிழை போல ஒரு விரிசல். தீபாவளிக்குள் கதவு வைத்துவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

முதலில் அத்தை. கதவு எப்போது வந்தாலும் வரட்டும், அந்தச் சந்தில் இந்த வாரமே ஒரு நாள் வேலை பாருங்கள். பாசி பிடித்த தரையைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சிமெண்ட் தளத்தைச் சொரசொரப்பாக இழுக்கச் சொல்லுங்கள். சுவரோரமாக இடுப்புயரத்தில் ஒரு ஜிஐ பைப் கைப்பிடி, திரும்புகிற முனையில் ஒரு விளக்கு. இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. கதவு வேலையைத் தீபாவளிக்குள் எடுக்க வேண்டாம், தை பிறக்கட்டும் என்றுதான் சொல்லப்போகிறேன். இன்னொரு ஐப்பசி மழையை அத்தை அந்தச் சந்தில்தான் கடக்க வேண்டியிருக்கும்.

உங்கள் மேஸ்திரி வேலை தெரியாதவர் என்று சொல்ல மாட்டேன். புதுக் கட்டடத்தில் நிலவு, அதாவது கதவு நிலை, நிறுத்துவதில் கைதேர்ந்தவராகவே இருப்பார். ஆனால் புதுக் கட்டடத்தில் வரிசை வேறு. முதலில் நிலவு நிற்கும், அதைச் சுற்றிச் சுவர் ஏறும், மேலே லிண்டல், அதாவது வாசலின் தலையில் பாரம் தாங்குகிற கட்டை, விழும், கடைசியில்தான் கூரையின் பாரம் வந்து உட்காரும். உங்கள் சுவரிலோ 1958 முதல் பாரம் உட்கார்ந்தே இருக்கிறது. அங்கே வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். மேலே தாங்குகிறதை வைத்து, அது இறுகிய பிறகுதான் கீழே ஒரு செங்கல்லை உருவலாம். பழைய சுவரில் கதவு வைக்கிற வேலையில் மற்றதையெல்லாம் பிற்பாடு சரிசெய்துகொள்ளலாம். இந்த ஒன்றில் தவறினால் சரிசெய்ய எதுவும் மிஞ்சாது.

"மேல என்ன பாரம் இருக்குது?" என்று கேட்டாரல்லவா, கணக்குப் போட்டுப் பார்ப்போம். சட்டமும் சீமை ஓடும் சேர்ந்தால் ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, ஏறக்குறைய 600 கிலோ. மேற்குச் சுவரின் ஒவ்வொரு அடி நீளத்திலும் எரவானம் உட்பட எட்டு சதுர அடிக் கூரையாவது இறங்கும். மூன்றரை அடி வாசலோடு இரண்டு பக்கத் தாங்கலையும் சேர்த்தால் 4 அடிக்கு மேல் வரும். 4 அடி என்றே வைத்துக்கொண்டாலும் 200 கிலோ. அதற்குக் கீழே, வாசலின் மேல்மட்டத்திலிருந்து கூரை வரை நிற்கிற சுவர் இரண்டரை அடி உயரம், ஒன்றரைக் கல் கனம். அதுவே 600 கிலோ. இரண்டும் சேர்ந்தால் 800 கிலோவுக்குக் குறையாது. இரண்டு காங்கேயம் காளைகளை நிறுத்தினால் வருகிற எடைக்குக் கொஞ்சம்தான் குறைவு. உத்திரத்தை இன்னும் நான் சேர்க்கவே இல்லை.

செங்கல் சுவருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கீழே ஓட்டை விழுந்தாலும், கல்லும் கல்லும் கவ்விக்கொண்டு மேலுள்ள பாரத்தை இரண்டு பக்கமும் தள்ளிவிடும். ஓட்டைக்கு நேர் மேலே கூடாரம் போல ஒரு முக்கோண அளவு கற்கள் மட்டும்தான் கீழே தொங்கும். மூன்றரை அடி வாசலுக்கு அந்த முக்கோணத்தின் உச்சி ஏறக்குறைய 3 அடி உயரத்தில் இருக்கும். அதற்கு மேல் இன்னும் நிறையச் சுவர் இருந்தால் லிண்டலுக்கு முக்கோணத்தின் பாரம் மட்டும்தான். மாடி வீட்டுக் கீழ்த்தளச் சுவர்களில் இப்படித்தான் பல நேரம் தப்பித்துக்கொள்கிறார்கள். உங்கள் சுவரில் இருப்பதே இரண்டரை அடி. கூடாரம் முழுதாக உருவாக இடமில்லை, அதன் உச்சி கூரையையே முட்டுகிறது. ஆகவே ஓட்டின் பாரம் முழுவதும் நேராக லிண்டலின் மேல் வந்து இறங்கும். ஓட்டு வீடு என்பதால் கவலை குறைவு என்று நினைப்பது இந்த இடத்தில் தவறு.

இனி அந்த மூலை. மூலையிலிருந்து ஒரு அடி விட்டு மூன்றரை அடிக்கு உடைத்தால், ஒன்றாம் அடியிலிருந்து நாலரை அடி வரை சுவர் இருக்காது. உத்திரம் உட்கார்ந்திருப்பது இரண்டரை அடியில். வாசலின் உச்சந்தலையில்! அந்த உத்திரத்தின் நடுவில் குத்துக்கால் நின்று, கூரையின் உச்சியில் ஓடுகிற மோட்டுவளையைத் தாங்கிக்கொண்டிருக்கும். மோட்டிலிருந்து வருகிற எடையில் பாதி இந்த ஒரு முனையில், ஒரு சாண் இடத்தில் இறங்குகிறது. பரவலாக வருகிற பாரத்தைச் சாதாரண லிண்டல் தாங்கிக்கொள்ளும். நடுவில் குத்துகிற பாரத்துக்கு வேறு கணக்கு வேண்டும்.

உத்திரமே இல்லாவிட்டாலும் அந்த இடத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டின் மூலை என்பது இரண்டு சுவர்கள் கை கோத்து நிற்கிற இடம். அதன் பக்கத்தில் ஓட்டை போட்டால் ஒரு அடி அகலத்தில் ஒரு குச்சித் தூண்தான் மிஞ்சும். வாசலின் பாதிப் பாரமும் அந்தக் குச்சியின் தலையில் ஏறும். மூலையிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து அடுத்த ஜன்னலுக்கும் இரண்டடிச் சுவராவது முழுசாக நிற்க வேண்டும் என்பது நான் விடாமல் பிடித்திருக்கிற கணக்கு. "நம்ம ஊருக்கெல்லாம் பூகம்பம் வராதுங்க" என்று சொல்கிறவர்கள் உண்டு. 1900-ம் வருஷம் பிப்ரவரி 8-ம் தேதி கோயமுத்தூர்ப் பகுதியில் வந்திருக்கிறது, அதுவும் ரிக்டர் அளவில் ஏறக்குறைய 6. ஆட்டம் கண்ட செங்கல் வீடுகளில் சுவர்கள் முதலில் பிரிவது மூலையில்தான்.

அப்படியானால் எங்கே? ஜன்னலைக் கதவாக்குங்கள். அதே மேற்குச் சுவர், அதே சமையல்கட்டு, மூலையிலிருந்து ஆறடி. அந்த மூன்றடிக்கு மேல் தாங்கல் ஏற்கெனவே இருக்கிறது, இத்தனை வருஷமாக வேலையும் செய்கிறது. ஜன்னலுக்குக் கீழே உள்ள சுவரின் தலையில் ஜன்னல் சட்டமும் கம்பியும் தவிர வேறு பாரம் கிடையாது. அதை எடுத்தால் மேலே இருக்கிற எதற்கும் தெரியாது. மேல்மட்டம் 6 அடி 9 அங்குலம் என்று நீங்கள் அளந்து எழுதியது பெரிய உதவி. நிலவின் மேல்கட்டை போக ஆறரை அடி கிடைக்கும், உயரமானவர்களும் குனியாமல் போகலாம். பல பழைய வீடுகளில் இந்த அளவு ஆறடிதான் இருக்கும், அங்கே இந்த யோசனை நடக்காது. மனையடி பார்த்தவரிடம் போய் உத்திரத்தின் கதையைச் சொல்லுங்கள். உத்திரத்துக்கு நேர் கீழே வாசல் வைப்பதை அவர்களிலேயே பலர் ஏற்க மாட்டார்கள். திசை மாறவில்லை, சுவர் மாறவில்லை, சில அடி தள்ளுகிறோம், அவ்வளவுதான்.

ஆனால் ஜன்னலின் மேல் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். ஜன்னலுக்கு மேலே முக்கால் அடி உயரத்துக்குப் பூச்சை மட்டும், ஜன்னலைத் தாண்டி இரண்டு பக்கமும் ஒரு அடி வரை, மெதுவாகக் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்து வீடு என்பதால் மூன்றில் ஒன்று இருக்கும். கருங்கல் பலகையாக இருந்தால் அடிப்பக்கத்தில் நடுவில் விரிசல் ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கருங்கல்லை எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், வளைத்தால் தாங்காது, விரிசல் கீழிருந்துதான் கிளம்பும். மரப்பலகையாக இருந்தால் திருப்புளியால் இரண்டு முனையிலும் குத்துங்கள். சுவருக்குள் புதைந்த முனையைத்தான் செல்லு முதலில் தின்றிருக்கும், வெளியே தெரிகிற நடுப்பகுதி புதுசு போல இருந்து ஏமாற்றும். குத்தினால் பொதுபொதுவென்று உள்ளே போனால் அந்தப் பலகை இனி ஆகாது. மூன்றாவது, செங்கல் வளைவு. வளைவாக இருந்தால் இரண்டு பக்கச் சுவரையும் அது வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், பக்கச் சுவரில் ஒரு அங்குலம்கூடக் கை வைக்கக்கூடாது.

அதே இடத்தில் காரையையும் சோதித்துவிடுங்கள். அன்றைக்கு நம் பக்கத்தில் சுக்காங்கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை மணலோடு செக்கில் அரைத்துக் கட்டினார்கள். நன்றாகக் கட்டியிருந்தால் இன்றைக்கும் ஆணி ஏறாது. ஆனால் வெளியே சுண்ணாம்புப் பூச்சு, உள்ளே வெறும் மண் சாந்து என்று கட்டிய வீடுகளும் ஏராளம், வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. இரண்டு கல்லுக்கு நடுவிலிருந்து சுண்டைக்காய் அளவு ஒரு கட்டியைப் பெயர்த்து, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, காபி குடித்துவிட்டு வந்து பாருங்கள். சுண்ணாம்புக் காரை என்றால் கட்டி கட்டியாகவே கிடக்கும். மண் சாந்து என்றால் கரைந்து அடியில் சேறாகப் படிந்திருக்கும். சேறாகிவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள். அப்படிப்பட்ட சுவரில் நான் மேலே சொன்ன கூடாரக் கணக்கு எதுவும் செல்லாது. ஒரு கல்லை உருவினால் அடுத்தது தானாக வரும். அங்கே சுவருக்கு ஊடாக உத்திரக்கட்டைகளைச் செருகி, இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து, பொறியாளர் ஒருவர் கூடவே நின்றுதான் வேலை செய்ய வேண்டும்.

சரி, கல் பலகை நன்றாக இருக்கிறது, காரையும் கெட்டி என்று வைத்துக்கொள்வோம். அப்போது மேஸ்திரி ஒன்று சொல்வார், அந்த இடத்தில் மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். "மூணடி நெருக்கமா இருக்குதுங்க, ஒரு பக்கம் ஆறங்குலம் தட்டிக்கலாங்க" என்பார். அந்தக் கல் பலகை சுவருக்குள் எவ்வளவு தூரம் போய் உட்கார்ந்திருக்கிறதோ, அதுதான் அதன் கால். பெரும்பாலும் 6 முதல் 9 அங்குலம் இருக்கும். ஆறங்குலம் தட்டினால் அந்தக் காலை வெட்டிவிட்டோம். உடனே விழாது. மழையும் வெயிலும் மாறி மாறி அடித்து, ஒருநாள் கதவை யாராவது ஓங்கிச் சாத்தும்போது இறங்கும்.

மூன்றடி உங்களுக்குப் போதுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மூன்றடித் திறப்பில் நிலவுக்கட்டை போகக் கிடைப்பது இரண்டே முக்கால் அடிக்கும் குறைவு. தடி ஊன்றி நடக்கிறவருக்கு அது தாராளம், தண்ணீர்க் குடம் இடுப்பில் வைத்தும் போகலாம். நாளைக்கு வாக்கரோ சக்கர நாற்காலியோ வரலாம் என்று தோன்றினால் உள்ளகலமே 900 மில்லிமீட்டர், அதாவது முழுசாக மூன்றடி வேண்டும். திறப்பு மூன்றரை அடியாகும், பழைய பலகையை எடுத்துவிட்டுப் புது லிண்டல்தான் போட வேண்டும். அத்தைக்கு நடக்க முடிகிறவரை நடக்கட்டும் என்று நினைப்பீர்கள், அதுதான் நல்லது. ஆனாலும் அந்த வீட்டில் இன்னும் முப்பது வருஷம் இருக்கப்போகிறவர் நீங்கள். என் வீடாக இருந்தால் பெரிதாகத்தான் வைப்பேன்.

அப்படி முடிவு செய்தால் வேலை இப்படி நடக்கட்டும். ஒன்றரைக் கல் சுவர் 14 அங்குலம். அதற்கு ஒரே லிண்டல் வேண்டாம், ஆறரை அங்குல அகலத்தில் இரண்டு. ஒவ்வொன்றும் 6 அங்குல உயரம், 4 அடி 10 அங்குல நீளம். மூன்றரை அடித் திறப்புக்கு இரண்டு பக்கமும் 8 அங்குலம் சுவரில் உட்காரும். அடியில் இரண்டு 12 மில்லிமீட்டர் கம்பி, மேலே இரண்டு 8 மில்லிமீட்டர், ஆறங்குலத்துக்கு ஒரு ரிங். களத்திலேயே தரையில் வார்க்கலாம். வார்த்த அன்றைக்கே ஆணியால் அதன் தலையில் "மேல்" என்று கீறி வைத்துவிடுங்கள். கனத்த கம்பி அடிப்பக்கத்தில் இருக்கிறது, காய்ந்த பிறகு இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் தெரியும். 90 கிலோ எடையை மூன்று பேர் தூக்கித் திருப்பும் அவசரத்தில் அது குப்புற ஏறிவிட்டால், உள்ளே கனத்த கம்பி இருந்தும் இல்லாதது மாதிரிதான். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட், அதற்கு 10 நாளாவது ஈரச்சாக்குப் போட்டு வைக்க வேண்டும். மூன்று வாரம் கழித்துத் தூக்குங்கள்.

சுவரை இரண்டு பாதியாகப் பாருங்கள், வெளிப்பாதி, உள்பாதி. சட்டங்களுக்குக் கீழே உள்ளேயும் எரவானத்திலும் முட்டுக்கொடுத்த பிறகு, முதலில் வெளிப்பக்கம் மட்டும் 7 அங்குல ஆழத்துக்கு, லிண்டல் நுழைகிற அளவுக்கு ஒரு பள்ளம். பழைய பலகையில் அந்தப் பாதி மட்டும் தனியாக வராது என்றால், அதற்கு மேலே உள்ள வரிசையில் பள்ளம் எடுங்கள், பலகை இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும். லிண்டலை உள்ளே தள்ளி, முனைகளைக் கலவையில் உட்கார வைத்து, மேலே மிஞ்சுகிற இடைவெளியை அடைக்க வேண்டும். இதில்தான் முழு வேலையின் உயிரும் இருக்கிறது. ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் மணல், தண்ணீர் தெளித்த அளவுக்கு மட்டும். கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக்கூடாது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போட்டு, ஒரு கட்டையை வைத்துச் சுத்தியலால் இடித்து இடித்து அடைக்கணும். தளதளவென்று கரைத்து ஊற்றினால் காய்ந்ததும் சுருங்கும், மேலே மயிரிழை இடைவெளி விடும், அந்த இடைவெளி அளவுக்கு உங்கள் கூரை இறங்கும். மூன்று நாள் விட்டு உள்பக்கம் இதேபோல. அதற்கும் ஒரு வாரம் கழித்துத்தான் கீழே உடைப்பது.

உடைப்பதும் சம்மட்டியால் அல்ல. வாசலின் இரண்டு ஓரத்தையும் கட்டிங் மிஷினால் உள்ளும் புறமும் கோடு கீறிவிட்டு, மேலிருந்து கீழாக, உளியால் ஒவ்வொரு வரிசையாக எடுக்க வேண்டும். சம்மட்டி விழுகிற ஒவ்வொரு அடியும் நாம் காப்பாற்ற நினைக்கிற கல்லையும் காரையிலிருந்து விடுவித்துவிடும். அந்தச் சுவரில் ஒயர் ஓடுகிறதா என்று பார்த்து மெயினை அணைக்கச் சொல்லுங்கள். மூக்கைக் கட்டிக்கொள்ளாமல் யாரும் மிஷின் பிடிக்க வேண்டாம்.

முட்டுக்கொடுப்பதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இருபது வருஷத்துக்கு முன்னால், காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டுக்கு என்னைச் சாயங்காலம் கூப்பிட்டார்கள். இதே போல் ஓட்டு வீடு, இதே போல் பின்வாசல். முட்டுக்கொடுக்காமல் உடைக்கவில்லை அவர்கள், கொடுத்துத்தான் உடைத்திருந்தார்கள். தென்னந்துண்டு ஒன்றை உத்திரத்துக்குக் கீழே நிறுத்தி, ஆப்பு வைத்து இறுக்கியும் இருந்தார்கள். ஆனால் அதை நிறுத்திய இடம் கலவைக்குத் தண்ணீர் மொண்ட தொட்டியின் பக்கம். நாள் முழுக்கச் சிந்திய தண்ணீரில் மண் ஊறி, தென்னந்துண்டு ஒரு விரல்கடை அளவு உள்ளே இறங்கிவிட்டது. நான் போனபோது வாசலின் மேல்மூலையிலிருந்து எரவானம் வரை விரிசல் படிக்கட்டுப் படிக்கட்டாக ஏறியிருந்தது. ஓடுகள் சரிந்து கிடந்தன. காரை மண் இன்னும் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்த நேரம் என்பதால் ஆளுக்குச் சேதமில்லை. தென்னந்துண்டை ஒரு கையால் ஆட்டிப் பார்த்தேன், ஆடியது. அதன் அடியில் இரண்டடிப் பலகை ஒன்று போட்டிருந்தால் அந்தக் கூரை அப்படியே நின்றிருக்கும். அதனால் முட்டுக்கு எத்தனை ஜாக்கி என்று கேட்பதற்கு முன்னால் ஜாக்கியின் காலடியைப் பாருங்கள். தினமும் காலையில் ஒவ்வொரு ஜாக்கியையும் கையால் தட்டிப் பார்த்து, தளர்ந்திருந்தால் இறுக்கச் சொல்லுங்கள்.

இனி கதவு. மேற்குச் சுவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நேராக வந்து அறைகிற சுவர் அது. கேத்தனூர், பூளவாடிப் பக்கம் காற்றாலைகள் அத்தனை நிற்பது அதனால்தானே? வைகாசி கடைசியில் தொடங்கினால் ஆவணி வரை அந்தக் கதவுக்கு ஓய்வு இருக்காது. வெளியே திறக்கிற கதவு வேண்டாம், படியில் நிற்கிற அத்தையைத் தள்ளிவிடும். உள்ளே திறக்கட்டும், திறந்தால் சுவரோடு பிடித்து நிறுத்த ஒரு கெட்டியான கொக்கி கட்டாயம். வெளியில் ஒரு கம்பிக் கதவும் போட்டுவிடுங்கள். ஜன்னலை இழந்த சமையல்கட்டுக்கு வெளிச்சமும் காற்றும் அதன் வழியாகத்தான் வர வேண்டும். கேஸ் அடுப்பு கதவுக்கு நேராக இருந்தால் இடம் மாற்றுங்கள். ஆடிக் காற்றில் தீ அணைந்து, கேஸ் மட்டும் வந்துகொண்டிருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

நிலவுக்கு உங்கள் தோட்டத்து வேம்பே போதும், அறுத்து நிழலில் நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். கீழ்ப்படியை மட்டும் மரத்தில் செய்யாதீர்கள். சாரலும் கழுவுகிற தண்ணீரும் செல்லும் சேர்ந்து அதை இருக்க விடாது. மூன்று பக்க நிலவும், கீழே கருங்கல் படியும் வையுங்கள். அந்தப் படி தரைக்கு மேல் அரை அங்குலத்துக்கு மேல் துருத்தக்கூடாது, அத்தையின் கால் தட்டும். நிலவுக்கும் சுவருக்கும் நடுவில் அடைக்கிறபோது வெறும் சிமெண்ட்டைக் கெட்டியாகப் போடாமல், ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்று கலக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புச் சுவரோடு அதுதான் ஒத்துப்போகும்.

வெளிப்படியை அவசரமாகக் கட்டி முடிக்கிறவர்கள்தான் அதிகம். கதவைத் திறந்ததும் படி இறங்கக்கூடாது, முதலில் நாலடிக்கு நாலடி மேடை ஒன்று வேண்டும். உள்தரையைவிட அரை அங்குலம் தாழ்ந்து, வெளியே அடிக்குக் கால் அங்குலம் சாய்ந்து இருக்கட்டும். அதிலிருந்து ஆறங்குலத்துக்கு மேல் உயரமில்லாத படிகள், ஒரு அடி அகலம், இரண்டு பக்கமும் கைப்பிடி. இரண்டடி உயரத்துக்குச் சாய்தளம் போட வேண்டுமென்றால் 24 அடி நீளம் வேண்டும். கட்டுத்தாரைப் பக்கம் இடமிருந்தால் அதையும் யோசியுங்கள், பால் கேனை உருட்டிக்கொண்டு வரலாம். மேடையைச் சுவரோடு சேர்த்துப் பின்னிக் கட்ட வேண்டாம். அது புது மண்ணில் நிற்கிறது, கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். சுவரோடு கட்டிப்போட்டால் போகும்போது சுவரையும் இழுக்கும். நடுவில் அரை அங்குலம் விட்டுத் தாரால் அடைத்துவிடுங்கள்.

எரவானத்துத் தண்ணீர் நேராக அந்த மேடையில்தான் கொட்டும். வாசலுக்கு மேலே ஆறடி நீளத்துக்குத் தகரத் தூம்பு ஒன்று வைத்து ஓரமாகத் திருப்பிவிடுங்கள். சன்ஷேடு போட வேண்டாம். வெளியே நீட்டிய சிலாப்பை அழுத்திப் பிடிக்க உள்ளே போதுமான சுவர் இல்லை, இரண்டரை அடிக் காரைச் சுவரை அது பெயர்த்துவிடும். நிழல் வேண்டுமென்றால் தனிக் காலில் நிற்கிற தகரக் கொட்டகை போடலாம். அதன் கால்களை ஆழமாகப் புதைத்துக் கான்கிரீட் போடுங்கள், உங்கள் ஊர்க் காற்று தகரத்தைக் கீழிருந்து தூக்கும்.

கடைசியாக, ஜன்னல் மூலையில் இருக்கிற மயிரிழை விரிசல். பழைய விரிசலாக இருந்தால் பயமில்லை, இன்னும் நகர்ந்துகொண்டிருந்தால் காரணம் தெரியாமல் அந்தச் சுவரைத் தொடவே கூடாது. கடையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கால் கிலோ வாங்கி, விரிசல் ஓடுகிற இடத்தில் பூச்சைச் சுரண்டிவிட்டு, அதன் குறுக்கே எட்டணா அளவுக்கு மெல்லிசாக இரண்டு பொட்டு வையுங்கள். பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க அது அங்கேயே இருக்கட்டும். மாட்டுப் பொங்கல் முடிந்து பாருங்கள். இரண்டு பொட்டும் கீறல் விடாமல் இருந்தால் மேஸ்திரியைக் கூப்பிட்டு, இந்தப் பதிலை அவரிடமே படிக்கக் கொடுங்கள். ஒன்று வெடித்திருந்தாலும், படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.